அவள் பேசினால் அது கனவு

அவருடைய மனைவி வாயில் குண்டூசிகளை வைத்துக்கொண்டே பேசக்கூடியவள். தையல் வேலை செய்பவர்கள் எல்லோரும் ஊசியை உதட்டில் கடித்துக்கொள்வதுண்டு. அந்த நேரத்தில் பேச்சு நின்றுவிடும். இவளுக்கு நிற்காது. ஊசிகளை ஒரு ஓரத்துக்கு ஒதுக்கிவிட்டு மறு ஓரத்தால் பேசிக்கொண்டே போவாள். ரவிக்கைக்கு அளவு கொடுக்க வருகிறவர்கள் கூட முதலில் பயந்து, பிறகு பழகி, கடைசியில் அவள் பேச்சைக் கேட்பதற்காகவே உட்கார்ந்திருப்பார்கள்.

அவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். நாள் முழுக்க மோட்டார் அறையிலும் லிஃப்ட் ஓடுகிற குழியிலும் தனியாகக் கிடப்பதால் வீட்டுக்கு வந்தாலும் பாதி ஞாபகம் அங்கேயே தொங்கிக்கொண்டிருக்கும். சாப்பிடும்போது கையைத் தட்டில் வைத்துக்கொண்டு எங்கோ பார்ப்பார். அவள் உடனே பிடித்துக்கொள்வாள்.

"எந்த மாடி?"

அவர் விழித்துக்கொண்டு, "இறங்கிட்டேன், இறங்கிட்டேன்" என்பார். இருபது வருடக் குடித்தனத்தில் இந்த ஒரு கேள்வியும் இந்த ஒரு பதிலும் தேய்ந்துபோகாமல் ஓடின.

போன மழைக்காலத்தில் அவள் மூளையின் இடது பக்கத்தில் ஒரு ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது. வலது கை பலமிழந்தது, பேச்சு போனது. மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் அவருக்குப் பொறுமையாக விளக்கினாள். பேச்சைக் கேட்டுப் புரிந்துகொள்கிற இடம் வேறு. வார்த்தையைத் தேடி எடுத்து நாக்குக்கு அனுப்புகிற இடம் வேறு. முதலாவது பிழைத்துவிட்டது, இரண்டாவதுதான் அடிபட்டது.

"அவங்களுக்கு எல்லாம் புரியுது சார். வார்த்தை வாசல் வரைக்கும் வந்து நிக்குது, கதவுதான் திறக்க மாட்டேங்குது. என்னைக்காவது ஒண்ணு வெளிய வந்தா, அது எவ்வளவு கோணலா இருந்தாலும், உடனே பதில் சொல்லிடுங்க. திருத்தாதீங்க. 'ஒழுங்கா சொல்லு'ன்னு மட்டும் வாயில வந்துடக் கூடாது. முதல் வார்த்தைக்கு மரியாதை கிடைச்சாதான் ரெண்டாவது துணிஞ்சு வரும்."

அவர் தலையாட்டினார். பதில் சொல்வது என்ன பெரிய வித்தையா என்று அப்போது தோன்றியது.

வீடு அமைதியானது; சமையல் மகள் கைக்கு மாறியது. தையல் மிஷின் மீது உறை ஏறியது. அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து, இடது கையால் வலது கையைத் தேய்த்துக்கொண்டு, இவர் பேசுவதையெல்லாம் கேட்டாள். இவருக்கோ பேசவே தெரியாது. இத்தனை வருடமும் பேச்சை அவளிடம் குத்தகைக்கு விட்டிருந்தவர்.

பிறகு அவள் கனவில் பேச ஆரம்பித்தாள்.

ஊசியைக் கடித்துக்கொண்டு, மிஷினை மிதித்துக்கொண்டு, மூச்சு விடாமல் பேசினாள். அவர் சிரித்துக்கொண்டே எழுந்து உட்காருவார். உட்கார்ந்த மறுகணம் எல்லாம் போய்விடும். குரலின் சாயல் மட்டும் காதோரம் கொஞ்ச நேரம் ஒட்டியிருக்கும். அதில் ஒரு சொல்கூட இருக்காது. பக்கத்தில் அவள் வாய் மூடித் தூங்கிக்கொண்டிருப்பாள்.

அவரோடு வேலை செய்கிறவனுக்கு ஸ்பேனர் என்று பேர். வேலையில் கை வைக்காவிட்டாலும் கையில் ஸ்பேனர் வைத்திருப்பான்.

"ஏன்ணே, பேயறைஞ்ச மாதிரி இருக்கீங்க?"

"கனவுல அவ பேசுறாடா. முழிச்சா ஒண்ணுமே ஞாபகம் இல்ல."

"முழிச்சதும் என்ன பண்றீங்க?"

"என்ன பண்ணுவாங்க? எழுந்திருப்பேன்."

"அதான் தப்பு" என்றான் ஸ்பேனர். போனில் கண்டதையெல்லாம் பார்க்கிறவன், இதையும் பார்த்திருந்தான். "அசையவே கூடாதுண்ணே. கண்ணையும் திறக்கக் கூடாது. எப்படிப் படுத்திருக்கீங்களோ அப்படியே கிடந்து, கடைசியா என்ன பார்த்தேன்னு மட்டும் யோசிக்கணும். ஒரு நுனி கிடைச்சா போதும், அதைப் பிடிச்சு இழுத்தா அதுக்கு முன்னாடி நடந்தது, அதுக்கும் முன்னாடி நடந்ததுன்னு பின்னாலயே வந்துடும்."

இது அவருக்குப் பிடித்திருந்தது. எந்த இயந்திரமும் எப்படி ஓடுகிறது என்று தெரிந்துவிட்டால் பாதி பயம் போய்விடும் என்று நம்புகிறவர். கனவு காணும்போது மூளை உடம்பின் தசைகளைப் பூட்டிவிடுகிறது என்று ஸ்பேனர் சொன்னதும் அவருக்குச் சட்டென்று விளங்கியது. லிஃப்ட் பிரேக்கும் அப்படித்தான். கரண்ட் இருக்கிறவரைதான் அது திறந்திருக்கும்; போனால் ஸ்பிரிங் தானாகவே கவ்விக்கொள்ளும். உடம்பும் கவ்விப் பிடித்தபடி கிடப்பதால்தான் கனவில் ஓடுகிறவன் கட்டிலிலிருந்து விழுவதில்லை. அந்த நேரத்தில் நினைவில் பதித்து வைக்கிற வேலையும் பாதித் தூக்கத்தில் இருக்கிறது. விழித்ததும் புரண்டு படுத்தாலோ, நேரம் என்ன என்று யோசித்தாலோ, ஈரச் சுவரில் எழுதியதைத் துடைத்த மாதிரி ஆகிவிடும்.

அசையாமல் கிடக்கப் பழகினார். முதலில் ஒரு நிறம் கிடைத்தது. பிறகு ஒரு வாசற்படி. பிறகு அவள் சொன்ன அரை வாக்கியம்: "...அந்தப் பொம்பளைக்கு இடுப்பே கிடையாது, நான் எங்க போய் அளவெடுக்கிறது?" அன்று அவர் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, மறந்துவிடக் கூடாதே என்று அதைப் போனில் மெதுவாகப் பேசிப் பதிவு செய்தார். அது தினசரி வழக்கமானது. "இன்னைக்கு மிஷினுக்கு எண்ணெய் போடச் சொன்னா. என்னை எந்த மாடின்னு கேட்டா." சொல்லும்போது அவர் குரல் இளகியிருக்கும். குளியலறைக்கும் படுக்கையறைக்கும் நடுவில் ஒரே ஒரு மெல்லிய சுவர்தான் என்பதை அவர் யோசிக்கவில்லை.

ஞாபகம் வர வர ஆசை வளர்ந்தது. கனவு முடிந்த பிறகு பொறுக்கித் தின்பது போதவில்லை. கனவுக்குள்ளேயே விழித்திருக்க வேண்டும். அவள் எதிரில் நின்று கேட்க வேண்டும்.

"அதுக்கும் வழி இருக்குண்ணே" என்றான் ஸ்பேனர். "பகல்ல அடிக்கடி மூக்கைப் பொத்தி மூச்சு விட்டுப் பார்க்கணும். நிஜத்துல முடியாது. கனவுல பொத்தின மூக்கு வழியாவே மூச்சு போகும். பகல்ல பழக்கமாயிட்டா கனவுலயும் கை தானா மூக்குக்குப் போகும். அப்போ மாட்டிக்கிட்டீங்க, இது கனவுன்னு தெரிஞ்சிடும்."

அவர் ஒவ்வொரு லிஃப்ட் கதவு திறக்கும்போதும் மூக்கைப் பொத்தினார். உள்ளே நிற்பவர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். ஸ்பேனரே ஒருநாள் முகத்தைச் சுளித்தான்.

"அண்ணே, நான் குளிச்சிட்டுத்தான் வந்தேன்."

பழக்கம் பிடித்தது, ஆனாலும் கனவில் கை மூக்குக்குப் போகவில்லை. ஸ்பேனர் யோசித்துவிட்டுக் கேட்டான்.

"உங்க கனவுல அடிக்கடி வர்றது எதுண்ணே? நிஜத்துல நடக்கவே நடக்காதது எதாவது?"

"அவ பேசுறது."

ஸ்பேனர் கொஞ்ச நேரம் கையில் ஒட்டிய கிரீஸைத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தான். "அப்போ அதாண்ணே அடையாளம்" என்றான். "அவங்க பேசினா அது கனவு. தூங்கப் போறப்ப அதையே சொல்லிட்டுப் படுங்க."

அவர் சொல்லிக்கொண்டு படுத்தார். விடியலுக்கு முன் ஒருமுறை எழுந்து, கொஞ்ச நேரம் நடந்துவிட்டு மறுபடி படுப்பதையும் சேர்த்துக்கொண்டார். நீளமான கனவுகள் விடியல் தூக்கத்தில்தான் வருகின்றன; கொஞ்சம் விழித்துவிட்டு அதற்குள் நுழைந்தால் அறிவும் கூடவே நுழைந்துவிடும் என்பது கணக்கு. போர்வைக்குள் உதடு அசைந்துகொண்டே இருக்கும்: அவள் பேசினால் அது கனவு. அவள் பேசினால் அது கனவு.

வந்தது. மிஷின் முன் அவள், வாயில் ஊசிகள், ஜன்னலில் வெயில். "என்ன நின்னுட்டீங்க, நூல் எடுங்க" என்றாள். அவள் பேசுகிறாள், அப்படியானால் இது கனவு என்று ஒரு நிதானம் தலைக்குள் எழுந்தது. மூக்கைப் பொத்தினார், மூச்சு தாராளமாகப் போனது. சந்தோஷம் தாங்கவில்லை. அந்தச் சந்தோஷமே அவரை உலுக்கி எழுப்பிவிட்டது.

"பரபரப்பானா கலைஞ்சிடும்ணே. காட்சி ஆட ஆரம்பிச்சா ரெண்டு கையையும் பரபரன்னு தேய்ங்க. அவங்களைப் பார்க்காதீங்க, கையைப் பாருங்க. நிலைச்சிடும்."

அடுத்த முறை கைகளைத் தேய்த்தார், நிலைத்தது. அவள் எதிரில் உட்கார்ந்து, பகலெல்லாம் கேட்க நினைத்ததைக் கேட்டார். "நீ இப்போ என்ன நினைக்கிற? உனக்கு என்ன வேணும்?"

அவள் ஊசிகளை ஒதுக்கிக்கொண்டு சொன்னாள்: "கயிறு நல்லா இருக்கு. பிரேக்கைப் பார்க்கணும்."

அது அவர் பேச்சு. குரல்தான் அவளுடையது, உள்ளே இருந்ததெல்லாம் அவருடைய சரக்கு. அவருக்குத் தெரியாத ஒரு வார்த்தையைக் கூட அவளால் அங்கே சொல்ல முடியாது. விழித்தபோது இது நன்றாகவே புரிந்தது. ஆனாலும் விட முடியவில்லை. குரலாவது இருக்கிறதே. மறுநாளும் போர்வைக்குள் உதடு அசைந்தது.

அது ஒரு விடுமுறைக் காலை. விடியலுக்கு முன் எழுந்து, நடந்து, படுத்து, சொல்லிக்கொண்டே தூங்கிப்போனார். கண்ணைத் திறந்தபோது பக்கத்தில் அவள் இல்லை. ஜன்னலில் வெயில். தையல் மிஷினின் உறை எடுக்கப்பட்டிருந்தது. அதன் முன்னால் அவள் உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். சமையலறை வாசலில் மகள், கையில் படமெடுக்கத் தூக்கிப் பிடித்த போன்.

மனைவியின் வாய் திறந்தது. கழுத்து நரம்பு புடைத்தது.

"எ... எந்... ம... மாழி?"

அவள் பேசுகிறாள். அவருக்குள் அந்த நிதானம் எழுந்தது, பழகிய இடத்திலிருந்து, பழகிய நேரத்தில், ஒரு பிசகும் இல்லாமல். இது கனவு. ஆனால் இன்றைக்குக் கனவு சரியில்லை. குரல் இழுக்கிறது, முகம் ஒரு பக்கம் கோணுகிறது. கலையப் போகிறது. பரபரப்படையக் கூடாது. அவளிடமிருந்து கண்ணை எடுத்தார். இரண்டு கைகளையும் கண்முன் கொண்டுவந்து தேய்த்தார்.

"இப்படி இல்ல" என்றார் கைகளைப் பார்த்தபடியே. "இன்னைக்கு உனக்கு வரல. ஒழுங்கா சொல்லு. எப்பவும் சொல்வியே, அந்த மாதிரி."

மூக்கைப் பொத்தினார்.

மூச்சு நின்றது.

இன்னும் இறுக்கிப் பொத்தி இழுத்தார். காது அடைத்தது, நெஞ்சு முட்டியது, ஒரு துளிக் காற்றும் போகவில்லை. கையை எடுத்துவிட்டு மறுபடி பொத்தினார். சில சமயம் முதல் தடவை சோதனை பொய்த்துப்போகும் என்று ஸ்பேனர் சொல்லியிருந்தான். மூன்றாம் முறையும் பொத்தினார். அப்போதும் மூச்சு போகவில்லை.

"அப்பா" என்றாள் மகள். போன் பிடித்த கை கீழே இறங்கியிருந்தது. "என்னப்பா பண்றீங்க?"

அவர் திரும்பினார். மனைவியின் வாய் மூடியிருந்தது.

"இறங்கிட்டேன்" என்றார். "இதோ, இறங்கிட்டேன். கேட்டுச்சு. நல்லா கேட்டுச்சு. நான் என்ன நினைச்சேன்னா..." கட்டிலிலிருந்து எழப் போய்ப் போர்வை காலில் சுற்றிக்கொண்டது. "கனவுல நீ பேசுவ. அதனால பேசினா கனவுன்னு... அப்படித்தான் பழகி வச்சிருந்தேன்."

எப்படி ஓடுகிறது என்று முழுக்கத் தெரிந்த இயந்திரம் அது. ஒவ்வொரு பல்லும் அவரே வைத்தது. ஆனால் அதை எங்கிருந்து தொடங்கிச் சொன்னாலும், உன் பேச்சு நிஜத்தில் நடக்கவே நடக்காதது என்று எடுத்துக்கொண்டேன் என்ற இடத்தில்தான் போய் நின்றது. அவர் நிறுத்திக்கொண்டார். அவளுக்கு எல்லாம் புரியும்.

மகள் அவரைச் சமையலறைக்குக் கூட்டிப்போனாள்.

"நீங்க பாத்ரூம்ல போன்ல பேசுறத அம்மா கேட்டுட்டே இருந்திருக்காங்க. அந்தக் கேள்விதான் வேணும்னு அவங்களே சைகை காட்டிக் காட்டிச் சொன்னாங்க. மத்தியானமெல்லாம் என்கூட உட்கார்ந்து பழகினாங்க. அந்த 'டி' மட்டும் வரவே மாட்டேன்னுச்சு." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பரவாயில்லப்பா. மறுபடி சொல்வாங்க."

பயிற்சி கொடுக்கிற பெண்ணிடம் சொன்னபோது அவள் திட்டவில்லை. "காத்திருங்க" என்றாள். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

மூக்கைப் பொத்துவதை விட்டார். போர்வைக்குள் முணுமுணுப்பதை விட்டார். போனில் இருந்த பதிவுகளை அழித்தார். அதற்குப் பிறகு கனவில் அவள் வந்தாள். மிஷின் முன் உட்கார்ந்திருந்தாள், பேசவில்லை. அவள் பேசாததால் இது நிஜம் என்று நம்பி, அவரும் எதிரில் சும்மா உட்கார்ந்திருந்தார். விழித்த பிறகுதான் அது கனவு என்று தெரிந்தது. விழித்து வந்து சேர்ந்த இடமும் அதேதான்.

இப்போது தினமும் வேலைக்குப் போகும் முன் அவள் எதிரில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்காருகிறார். காலை வெயில் மிஷின் மீது விழுகிறது. அவள் இடது கையால் ஒரு துணியை மடித்துப் பிரித்துக்கொண்டிருக்கிறாள். அவர் அவள் உதட்டைப் பார்க்கிறார். பார்ப்பது அவளுக்குப் பாரமாகிவிடக் கூடாதே என்று ஜன்னலைப் பார்க்கிறார். பார்க்காத நேரத்தில் வந்துவிட்டால் என்ன செய்வது என்று மறுபடி உதட்டைப் பார்க்கிறார்.

"இறங்கிட்டேன்" என்கிறார், யாரும் கேட்காமலே.

அவள் நிமிர்ந்து ஒருகணம் அவரைப் பார்க்கிறாள். பிறகு ஊசிப் பெட்டியிலிருந்து ஒரு குண்டூசியை எடுத்து, உதடுகளுக்கு நட்ட நடுவில் வைத்து, கடித்துக்கொள்கிறாள்.