சீசனுக்கு எடுத்து வைத்தது

ஆவணி முதல் வாரத்தில் குற்றாலத்தில் தண்ணீர் பாறையோடு ஒட்டிக்கொண்டு வழியும். அதற்குக் கீழே தலையை நீட்ட யாருக்கும் மனம் வராது. சிப்ஸ் கடைக்காரர்கள் அடுப்பை அணைத்து, தார்ப்பாயை மடித்து வண்டியில் ஏற்றிவிடுவார்கள். இந்த வருடம் அந்த வாரம் வந்த பிறகும் என் வீட்டு ஃப்ரீசர் கதவு சரியாக மூடவில்லை.

"அண்ணாச்சி, ஐஸ் கெட்டிப்பட்டுப் போய்க் கெடக்கு. கதவு சேர மாட்டேங்கு. எதையாவது எடுத்து வெளிய போட்டாத்தான் உண்டு" என்றாள் சண்முகசுந்தரி. என் மனைவி முப்பிடாதியம்மாள் இருந்த காலத்திலிருந்து எங்கள் வீட்டில் சமைக்கிறவள் அவள்.

"வெளிய போடுததுக்கு நாம எதையும் வாங்கல" என்றேன்.

அவள் கதவை முழங்காலால் ஒரு தள்ளு தள்ளிவிட்டுப் போய்விட்டாள்.

எங்கள் வீடு மேலகரத்தில், தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் சாலையின் மேலேயே இருக்கிறது. சாரல் விழ ஆரம்பித்தால் சொந்தக்காரர்கள் அருவியில் குளித்துவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்து சாப்பிடுவார்கள். என் தகப்பனார் நாளிலிருந்து அப்படித்தான். ஆனி பிறப்பதற்குள் முப்பிடாதி அலமாரியையும் ஃப்ரீசரையும் நிரப்பிவிடுவாள். அவள் போன பிறகும் நான் அந்த ஒழுங்கை விடவில்லை. மசாலா தடவிய நாட்டுக்கோழி, துருவிய தேங்காய், உரித்த பட்டாணி எல்லாம் டப்பா டப்பாவாக உள்ளே போயின. அலமாரியில் கூழ் வத்தல், சீனியவரைக்காய் வத்தல், மோர் மிளகாய், பருப்புப் பொடி. பிள்ளைகளுக்குத் தின்பண்டமாக ஒரு தூக்குவாளி நிறைய முந்திரிக்கொத்து. எல்லாவற்றையும் சண்முகசுந்தரியை வைத்துச் செய்தேன், பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து.

எங்கள் குடும்பத்தில் கல்யாணத்துக்கு அழைப்போம், காதுகுத்துக்கு அழைப்போம். சீசனுக்கு அழைப்பதில்லை. அது என் தகப்பனார் வைத்த சட்டம். அருவியில் நனைந்த உறவுக்காரன் ஈரத்தலையோடு நேரே வந்து நம் வீட்டு இலையில் உட்கார வேண்டும். அவனைப் பார்த்து வா என்று சொல்வது, நீ வராமலும் இருக்கலாம் என்று சொல்வதற்குச் சமம். அழைப்பு அந்நியருக்கு. நான் காவல் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். எந்தெந்த ஊரிலோ வேலை பார்த்தாலும், சீசனுக்கு எங்கள் வீட்டு வாசலில் செருப்புகள் குவிந்து கிடப்பதை நினைத்துப் பெருமைப்பட்டிருக்கிறேன். அழைக்காமலே வருகிறார்கள் என்றால் அது வீட்டின் பெயருக்குத்தானே வருகிறார்கள்?

போன வருடம் யாரும் வரவில்லை. துக்க வீடு என்று நினைத்திருப்பார்கள் என எண்ணிக்கொண்டேன். இந்த வருடம் காலையிலேயே கேட்டைத் திறந்து வைத்துவிட்டு, வெள்ளை வேட்டி சட்டையோடு முன்னறையில் உட்கார்ந்திருந்தேன். ஆனி போயிற்று. ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், குற்றாலம் பக்கமிருந்து ஒரு வேன் வந்தது. ஜன்னல் கம்பிகளில் ஈரத் துண்டுகள் காற்றில் அடித்துக்கொண்டிருந்தன. முன் சீட்டில் சுரண்டையில் இருக்கும் என் தம்பி பாண்டித்துரை. எங்கள் கேட்டுக்கு நேராக வந்ததும் வண்டி மெதுவானது. நான் எழுந்து நின்று சட்டையை இழுத்து விட்டுக்கொண்டேன். வண்டி நிற்கவில்லை. தென்காசிப் பக்கம் போய்விட்டது.

அடுப்படி ஜன்னலிலிருந்து சண்முகசுந்தரி பார்த்திருக்கிறாள்.

"சுரண்டை அண்ணாச்சி வண்டி மாதிரி இருந்துச்சே?"

"மாதிரின்னா ஊர்ல எத்தனையோ வண்டி இருக்கு."

உலை வைத்திருந்த பெரிய பானையை இறக்கிவிட்டுச் சின்னப் பானையை எடுத்து வைக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

ஆவணி வந்ததும் எல்லாவற்றையும் நானே சாப்பிட்டுத் தீர்ப்பது என்று முடிவு செய்தேன். வேறு வழி இல்லை. புனேயில் இருக்கும் மகள் அனுசியா, "தூக்கிப் போடுங்கப்பா" என்றாள். தூக்கி எங்கே போடுவது? பேரூராட்சிக் குப்பை வண்டியில் மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று பிரித்துப் பார்க்கிறார்கள். போலீஸ்காரர் பெருமாள் வீட்டுக்கு இந்த சீசனில் யாரும் வரவில்லை என்பது குப்பை வாளி வழியாகத் தெருவுக்குத் தெரிய வேண்டுமா? சண்முகசுந்தரி, தன் வீட்டுக்குக் கொண்டுபோவதாகச் சொன்னாள். அதற்கும் நான் ஒப்பவில்லை. விருந்துக்கென்று வைத்து, விருந்தாளி வராமல் பழசாகிப்போனதை அடுத்தவர் கையில் கொடுத்தனுப்புவது எங்கள் வீட்டுப் பழக்கம் அல்ல. அவளுக்குக் கொடுப்பதென்றால் புதுக்கோழி வாங்கிக் கொடுப்பேன். கொடுத்தேன்.

ஆகவே தினமும் விருந்துச் சாப்பாடு. ஒரு நாள் கோழிக் குழம்பும் கூழ் வத்தலும், மறுநாள் பருப்புப் பொடிச் சோறும் மோர் மிளகாயும், அதற்கு மறுநாள் திரும்பவும் கோழி. வத்தலைக் கடிக்கிற சத்தம் அந்தப் பெரிய சாப்பாட்டு அறையில் எனக்கே பெரிதாகக் கேட்டது. ஆட்கள் நிறைந்திருந்த காலத்தில் வத்தல் இப்படிச் சத்தம் போடும் என்று நான் கவனித்ததே இல்லை. முந்திரிக்கொத்து கல்லாகிவிட்டது. அதைப் பாலில் ஊறப் போட்டுக் காலையில் சாப்பிட்டேன். கோழிக் குழம்பில் ஈரல் வந்தால் என்னை அறியாமல் இலையின் ஓரத்தில் ஒதுக்கி வைத்துவிடுவேன். தம்பி மகன் மாரிச்செல்வம் எப்போதும் கேட்டு வாங்கித் தின்பது அது. சாப்பிட்டு முடிக்கும்போதும் ஓரத்திலேயே இருக்கும். பிறகு அதையும் எடுத்து வாயில் போட்டுக்கொள்வேன்.

கடைசியில் தேங்காயும் பட்டாணியும், ஒரு டப்பா கோழியும் மிஞ்சின. அவ்வளவு தேங்காயை ஒரே மூச்சில் காலி செய்ய ஒரு வழிதான் உண்டு. தேங்காய்ப் பால் பிழிந்து காய் போட்டுச் சொதி வைக்க வேண்டும். எங்கள் வீட்டில் சொதியை முப்பிடாதி யாரிடமும் விட்டதில்லை. தம்பி மனைவி முத்துலட்சுமி பக்கத்தில் நின்று தேங்காய்ப் பால் பிழிந்து கொடுப்பாள், அவ்வளவுதான். சண்முகசுந்தரி காய் நறுக்கியதோடு சரி.

அன்று காலை நான் முன்னறையில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன். சண்முகசுந்தரி அடுப்படியில் செல்போனை ஸ்பீக்கரில் போட்டு வைத்துப் பேசுவது தெளிவாகக் கேட்டது.

"எக்கா, நான் மேலகரத்துச் சுந்தரி பேசுதேன்."

"ஏட்டி சுந்தரி! நல்லா இருக்கியா? அத்தான் நல்லா இருக்காவளா?" முத்துலட்சுமியின் குரல்.

"இருக்காவ. எக்கா, சொதிக்கு முதப் பாலை ஊத்திக் கொதிக்க விடலாமா?"

"ஐயையோ, விட்டுராத. திரிஞ்சு போவும். அடுப்ப அணைச்சிட்டுத்தான் ஊத்தணும். எலுமிச்சம்பழமும் இறக்கின பொறவுதான். சொதி வைக்கிய, யாரு வந்திருக்கா?"

"யாரும் வரல. சீசனுக்குத் துருவி வச்ச தேங்கா அப்படியே கெடக்கு. அண்ணாச்சி ஒத்தையில உக்காந்து எல்லாத்தையும் தின்னு தீக்காவ."

"சீசனுக்கு வச்சாவளா? யாருக்கு?"

"என்ன கேள்வி கேக்கிய? உங்களுக்குத்தான்."

"எங்கள யாரு கூப்பிட்டா?"

"இந்த வீட்ல எந்தக் காலத்துல கூப்பிட்டிருக்காவ?"

"நல்லாக் கேட்ட போ. முப்பிடாதி அக்கா இருந்த வரைக்கும் சாரல் விழுந்த அன்னைக்கே எனக்குப் போன் வந்துரும். 'ஏட்டி, அத்தான் குளிக்கப் போயிருக்காவ, சீக்கிரம் கேளு. தண்ணி நல்லா விழுது, ஞாயித்துக்கிழமை பிள்ளைகளக் கூட்டிட்டு வந்துரு. நான் கூப்பிட்டேன்னு அங்கன வந்து மூச்சு விட்டுராத'ன்னு சொல்லும். வாசுதேவநல்லூர்ச் சொந்தக்காரங்களுக்கும் அக்காதான் போன் போடும். அது போன பொறவு அந்த வீட்லருந்து ஒரு சத்தம் இல்ல. கூப்பிடாத வீட்டுக்கு எப்படிட்டி வர?"

"அப்ப ஆடியில வந்தது உங்க வண்டிதானா?"

"பின்ன? மெதுவாப் போன்னு டிரைவர்ட்ட சொன்னதே இவியதான், உங்க சின்ன அண்ணாச்சி. 'அண்ணன் ஒரு கையைக் காட்டட்டும், இறங்கிருவோம்'னாவ. அத்தான் எந்திரிச்சாவ, சட்டையைச் சரி பண்ணுனாவ, அப்படியே சிலை மாதிரி நின்னுட்டாவ. இவிய மூஞ்சி சுருங்கிப் போச்சு. தென்காசியில ஓட்டல்ல எல்லாரும் பரோட்டா தின்னோம். இவிய வெறும் காப்பி."

நான் பேப்பரை மடித்தேன். எனக்குக் கோபம் வந்தது. வீட்டின் பெயருக்கு வருகிறார்கள் என்று நான் முன்னறையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்த அத்தனை வருடமும், நான் குளித்துவிட்டு வருவதற்குள் ஒருத்தி அவசர அவசரமாகப் போன் போட்டு ஆள் சேர்த்திருக்கிறாள். ஒரு வார்த்தை என்னிடம் சொன்னதில்லை. முப்பிடாதியைக் கூப்பிட்டுக் கேட்கலாம் என்று எழுந்தேன். எழுந்த பிறகுதான் அது முடியாது என்று உறைத்தது.

அடுப்படிக்குப் போய்க் கையை நீட்டினேன். சண்முகசுந்தரி பயந்துபோய்ப் போனைக் கொடுத்தாள்.

"நான்தான்" என்றேன்.

"அத்தான்... நான் சும்மா சுந்தரிகிட்ட..."

"பாண்டி இருக்கானா?"

பக்கத்தில்தான் இருந்திருக்கிறான். உடனே அவன் குரல் வந்தது. "என்னண்ணே?"

என்ன சொல்வதென்று நான் யோசித்து வைத்திருக்கவில்லை. வாய்க்கு வந்தது இதுதான்:

"ஐந்தருவியில தண்ணி விழுது."

"வறண்டு போச்சுன்னுல்லா பேப்பர்ல போட்டிருக்கான்?"

"பேப்பர்காரன் எப்பவோ எழுதியிருப்பான்."

"இன்னைக்குப் பேப்பர்ண்ணே. என் கையிலதான் இருக்கு."

என் கையிலும் அதே பேப்பர்தான் இருந்தது. சண்முகசுந்தரி அடுப்புப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். இப்போது போனை வைத்துவிட்டால் அடுத்த ஆனியிலும் நான் கேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அவன் வண்டியை மெதுவாக ஓட்டச் சொல்லிப் பார்த்துக்கொண்டு போவான். இரண்டு பேரும் உயிரோடு இருக்கிற வரைக்கும் அது நடக்கும். எங்கள் தகப்பனாரின் பிள்ளைகள் நாங்கள்.

"தண்ணி கெடக்கட்டும்லே. நீ வீட்டுக்கு வா. பிள்ளைகளக் கூட்டிட்டு வா. நான் கூப்பிடுதேன்."

"அப்பா இருந்தா உங்கள வெளுத்திருப்பாரு."

"உன்னையும்தான். வாசல் வரைக்கும் வந்துட்டுப் போனவன்தான நீ."

"சரி, சரி. ஞாயித்துக்கிழமை வாரோம்." போனை வைத்துவிடுவான் என்று நினைத்தேன். வைக்கவில்லை. "ஆனா ஒண்ணுண்ணே. ஆனி மாசத்துலருந்து ஐஸ்ல கெடந்ததை எங்க இலையில போட்டு ஒப்பேத்திரக் கூடாது. சுந்தரி சொன்னதெல்லாம் கேட்டுட்டுத்தான் இருந்தேன்."

"இந்த வீட்ல எவனுக்குலே பழசு போட்டிருக்கு?" என்று கேட்டுவிட்டுப் போனைச் சண்முகசுந்தரியிடம் கொடுத்தேன்.

சொதி திரியாமல் வந்தது. அண்டா நிறைய வந்தது. ஞாயிற்றுக்கிழமைக்குப் புதுத் தேங்காய், புதுக் கோழி என்று வாங்க வேண்டியவற்றைச் சொல்லிவிட்டு, சண்முகசுந்தரியை வீட்டுக்குப் போகச் சொன்னேன். "கொஞ்சம் எனக்கு ஊத்தித் தாங்களேன் அண்ணாச்சி, ஒத்தையில எப்படித் தீரும்?" என்றாள். "தீரும்" என்றேன். வேறு யார் வாயிலும் இது போகக் கூடாது. சனிக்கிழமைக்குள் ஃப்ரீசரைத் துடைத்துக் காயவிட வேண்டும்.

இலை போட்டு உட்கார்ந்தேன். சோற்றைக் குழித்துச் சொதியை ஊற்றி, இஞ்சிப் பச்சடி தொட்டுக்கொண்டு சாப்பிட்டேன். முப்பிடாதியின் சொதி அல்ல. ஆனால் மோசம் என்று சொல்ல முடியாது. இரண்டாம் தடவையும் சோறு போட்டுக்கொண்டேன். வயிறு போதும் என்றது. எதிரே யாராவது இருந்தால், இன்னும் ஒரு கரண்டி போட்டுக்கொள்ளுங்கள் என்று கட்டாயப்படுத்துவார்கள். யாரும் இல்லாததால் நானே எடுத்து ஊற்றிக்கொண்டேன்.