டைம்கீப்பரின் விசைகள்

உள்ளறை ஜன்னலின் கதவு நான்காம் முறையாகக் காற்றில் அறைந்தது. கூடத்துத் தரையில் கணினியின் மூடியைக் கழற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த மூத்தவள் திடுக்கிட்டாள். திருப்புளி வழுக்கிற்று, விரலிடுக்கில் இருந்த திருகு அலமாரிக்கு அடியில் உருண்டோடி மறைந்தது.

“அந்தக் கதவைப் பிடிக்க இந்த வீட்ல ஆளே இல்லையா?” என்று கத்தினாள்.

“முட்டுக் கொடுத்திருந்ததை உருவிக்கிட்டுப் போனது யாரு?” உள்ளேயிருந்து தம்பியின் குரல் வந்தது. “நான் அப்பா உதட்டை நனைக்கட்டுமா, ஜன்னலுக்குத் தூணா நிக்கட்டுமா? ஏதாவது ஒண்ணு சொல்லுக்கா.”

“ஒரு செருப்பைச் சொருகி வையேன்டா.”

“செருப்பா? அவரு தலைமாட்டுலயா?” என்று சமையலறையிலிருந்து அம்மா குரல் கொடுத்தாள். “நல்லா இருக்குடி நீ சொல்ற லட்சணம்.”

மூத்தவள் திருப்புளியை மறுபடி எடுத்தாள். ஜன்னலிலிருந்து உருவிக்கொண்டு வந்த பொருள் அவள் மடியில் கிடந்தது: உள்ளங்கையைவிடச் சற்றே பெரிதான, கனத்த, கறுத்த ஒரு பழைய வன்தட்டு, கணினியின் ஹார்ட் டிஸ்க். அதன் ஒரு முனை ஜன்னல் கதவு இடித்து இடித்தே மழுங்கியிருந்தது. அது ஓடுமா ஓடாதா என்பது இன்னும் கால் மணி நேரத்தில் தெரிந்துவிடும். ஓடினால் அப்பா பேசுவார். ஓடாவிட்டால் பேசாமலே போய்விடுவார். காலையில் வந்த மருத்துவர் ஒளிக்காமல் சொல்லிவிட்டுத்தான் போயிருந்தார்: “இன்னிக்குப் பொழுது தாண்டுறது கஷ்டம்மா. யாராவது ஒருத்தர் பக்கத்துலயே இருந்துக்கிட்டு இருங்க. நான் நாலரைக்கு வந்து பாக்குறேன்.”

அவளுடைய தந்தை பேருந்துப் பணிமனையில் முப்பத்தோராண்டு டைம்கீப்பராக இருந்தவர். எந்த வண்டி எத்தனை மணிக்கு உள்ளே வந்தது, எத்தனை மணிக்கு வெளியே போயிற்று என்று எழுதி எழுதியே நரைத்தவர். ‘ஏழரை இருக்கும்’ என்று எவரேனும் சொல்லிவிட்டால் அவருக்குப் பொறுக்காது. ‘இருக்கும்னா என்ன அர்த்தம்? ஏழு இருபத்தெட்டா, ஏழு முப்பத்திரண்டா? அந்த நாலு நிமிஷத்துல ஒரு பஸ் போயிடும்’ என்பார். ஐந்தாண்டுகளுக்கு முன்பு தொண்டையில் கண்ட நோய்க்காகக் குரல்வளையை அறுத்தெடுத்த பிறகு, அப்படி அதட்டுவதற்கும் வழியில்லாமல் போயிற்று.

வழி செய்தவள் மூத்தவள்தான். எழுத்துகளைத் தட்டினால் உரக்கப் படித்துக் காட்டும் நிரல் ஒன்றைத் தேடிப் பிடித்து அவருடைய கணினியில் ஏற்றிக் கொடுத்தாள். அடிக்கடி வேண்டுகிற வாக்கியங்களை அதில் சேமித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு விசையையோ இரண்டு விசைகளையோ ஒதுக்கிவிடலாம். அவர் இருநூறுக்கு மேல் சேமித்தார். ‘தண்ணி கொடு.’ ‘விளக்கை அணை.’ ‘அந்த ஆள் வந்தா நான் தூங்குறேன்னு சொல்லு.’ தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவதைப் போன்ற, ஏற்ற இறக்கமில்லாத ஓர் ஆண்குரல். கோபத்துக்கும் அதே குரல்தான். கொஞ்சலுக்கும் அதே குரல்தான். முதல் மாதம் வீடே சிரித்தது. இரண்டாம் மாதம் அது அப்பாவின் குரலாகிவிட்டது.

காலையில் கணினி திறந்தவுடன் தானாகவே ஒலிக்கும்படி ஒரு வாக்கியத்தை அவர் வைத்திருந்தார்: ‘மணி என்ன?’ அந்த நேரத்தில் யார் எங்கே இருந்தாலும், கூடத்துச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நிமிஷம் பிசகாமல் பதில் சொல்லவேண்டும். பெரும்பாலும் அம்மாதான் சொல்லுவாள், கையிலுள்ள கரண்டியைக் கீழே வைக்காமலேயே. உத்தேசமாகச் சொன்னால் அடுத்த விசை பேசும்: ‘பஸ் போயிடுச்சு.’

மூத்தவள் ஒரு கல்லூரியில் கணினிக்கூடத்துப் பொறுப்பாளர். புதிய இயங்குதளத்தைத் தாங்கும் தகுதி இல்லையென்று கழித்துக்கட்டச் சொன்ன தொண்ணூற்றாறு கணினிகளை, முதல்வரிடம் மன்றாடிக் காப்பாற்றியவள். ஒவ்வொன்றிலும் இலகுவான இலவச இயங்குதளம் ஒன்றை ஏற்றி, நூலகத்துக்கும் விடுதிக்கும் அனுப்பிவைத்தாள். அதனால் அங்கே அவளுக்குக் ‘கம்பவுண்டர்’ என்று பெயர். அந்தப் பெயர் வீடுவரைக்கும் வந்து, அப்பாவின் விசைப்பலகையிலும் ஏறிவிட்டிருந்தது.

அந்தக் கைராசியை நம்பித்தான் கெட்டாள். அப்பாவின் கணினியில் இருந்த பழைய இயங்குதளத்துக்கும் பாதுகாப்பு நின்றுபோயிற்று. மருத்துவமனையின் இணையதளம்கூட அதில் திறக்க மறுத்தது. சென்ற ஞாயிற்றுக்கிழமை, தொண்ணூற்றேழாவதாக அதற்கும் அவள் வைத்தியம் செய்தாள். கல்லூரியில் செய்த அதே வரிசைதான்: ஆவணங்களைப் பிரதி எடு, தட்டைத் துடை, புதியதை ஏற்று. அப்பாவின் கடிதங்கள், படங்கள், மருத்துவ அறிக்கைகள் அனைத்தும் பத்திரமாக இருந்தன. இருநூறு வாக்கியங்கள் மட்டும் இல்லை. அந்த நிரல் அவற்றை ஆவணங்களோடு வைக்காமல் தன் சொந்தக் கோப்புறைக்குள்ளேயே வைத்திருந்தது. போதாக்குறைக்கு, நிரலும் புதிய இயங்குதளத்தில் ஓட மறுத்தது. கல்லூரியின் தொண்ணூற்றாறு கணினிகளில் ஒன்றுகூட எவருக்காகவும் பேசியதில்லை. ஆகையால் அப்படி ஒன்று நேரக்கூடும் என்று அவளுக்குத் தோன்றவேயில்லை.

அவசரத்துக்குத் தன் கைபேசியைப் பேசவைத்துக் காட்டினாள். அது இளம்பெண் ஒருத்தியின் இனிய குரலில் ‘தண்ணி கொடு’ என்றது. அப்பா அதை ஒரு பார்வை பார்த்தார். காகிதத்தை வாங்கிக் கோணல்மாணலாக எழுதினார்: ‘இந்தப் பொண்ணுக்குத் தண்ணி கொடுத்து அனுப்பு.’

அதுதான் அவர் எழுதிய கடைசி வரி. திங்கட்கிழமை மாலையே காய்ச்சல் கண்டது. பேனாவைப் பிடிக்கும் வலுவும் போயிற்று. செவ்வாயும் புதனும் ஜன்னல் பக்கமாக விரலை நீட்டிக்கொண்டே இருந்தார். அம்மா கதவைத் திறந்தாள். மறுபடியும் நீட்டினார், மூடினாள். வெளிச்சம் கண்ணைக் கூசுகிறதோ என்று தம்பி ஒரு திரையைக் கட்டினான். அவர் கண்களை மூடிக்கொண்டார்.

இன்று பகலில்தான் மூத்தவளுக்கு ஞாபகம் வந்தது: முன்பு ஒருமுறை கழற்றி வைத்த பழைய தட்டில் அந்த நிரலும் வாக்கியங்களும் அழியாமல் இருக்கும்.

“அம்மா, மூணு வருஷம் முன்னாடி அப்பா கம்ப்யூட்டர்ல ஹார்ட் டிஸ்க் மாத்தினேனே, பழசை எங்கே வச்சே?”

“அந்தக் கறுப்புப் பொட்டியா? அது எங்கே போயிடும்? ஜன்னலுக்கு முட்டுக் கொடுத்திருக்கே, அதுதான். ‘உன் பொண்ணு எதையும் தூக்கிப் போடக்கூடாதுன்னு சொல்லியிருக்கா’ன்னு உங்கப்பாதான்...”

அம்மா வாக்கியத்தை முடிக்கவில்லை. மூத்தவள் அறைக்குள் போய் ஜன்னலிலிருந்து அதை உருவினாள்.

இப்போது மூத்தவள் வடங்களைச் செருகி மின்விசையைப் போட்டாள். விசிறி சுழன்றது. தட்டு ஒருமுறை கனைத்து, பிறகு ‘டிக், டிக்’ என்று ஓடத் தொடங்கியது. ‘ஓடுதடா!’ என்று கூவ வாயெடுத்தவள் திரையைப் பார்த்து அடங்கினாள். கணினிக்குள் நேரத்தைக் காத்துவைக்கும் பழைய பொத்தான் மின்கலம், நான்கு நாள் மின்சாரமில்லாமல் கிடந்ததில் தீர்ந்துபோயிருந்தது. நேரம் தவறியிருப்பதாகவும், சரியான நேரத்தைக் கொடுக்கும்படியும், வேண்டாமென்றால் ஒரு விசையை அழுத்தி மேலே செல்லும்படியும் திரை கேட்டது.

“நேரத்தை அப்புறம் வச்சுக்கலாம்” என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு விசையை அழுத்தினாள்.

அது மேலே சென்றது. ஆனால் நேராகச் செல்லவில்லை. பழைய தட்டில் பிழை இருக்கலாம் என்று சந்தேகித்து, முழுவதையும் சோதிக்க ஆரம்பித்தது. ஒரு சதவீதம். இரண்டு சதவீதம். மூத்தவள் எழுந்தாள், உட்கார்ந்தாள், மீண்டும் எழுந்து அறைக்குள் போனாள்.

தம்பி கட்டிலருகே முக்காலியில் உட்கார்ந்து, ஒரு கையால் ஜன்னல் கதவைப் பிடித்தபடி, மறுகையில் ஈரத்துணியை வைத்திருந்தான். வேலை செய்யும் மூக்குக்கண்ணாடிக் கடையில் மூன்று நாள் விடுப்புச் சொல்லிவிட்டு வந்திருந்தான்; இரண்டு இரவுகளாக உறங்காததில் அவன் கண்களே சிவந்திருந்தன. அப்பாவின் மூச்சு இடைவெளி விட்டு விட்டு வந்தது. வலக்கை விரல்கள் மட்டும் படுக்கை விரிப்பின்மேல் அசைந்தன.

“விரலைப் பாருடா.”

“காலைலேர்ந்து அப்படித்தான்க்கா. நடுக்கம்.”

“நடுக்கம் இல்லடா. தட்டுறாரு.” அவள் குனிந்து கவனித்தாள். “ஒரே இடம். மேல் வரிசை. மூணாவது சாவி. மூணாவது எதுடா? ‘காத்தாடியைக் குறை’யா?”

“அது அஞ்சாவது. மூணாவது ‘கம்பவுண்டர் எங்கே’ன்னு நெனைக்கிறேன். இல்ல, ‘சும்மா நச்சரிக்காதே’யா?”

“தெரியாதா?”

“உனக்குத் தெரியுமா?”

அவள் இன்னும் குனிந்தாள். அப்பாவின் காதருகே வாயை வைத்தாள். “அப்பா, பத்தே நிமிஷம். டிஸ்க் கெடைச்சிடுச்சு. ஜன்னல்லதான் இருந்தது. நீங்க காட்டினது அதைத்தானே?”

விரல் நின்றது. ஆமென்கிறாரா, அலுத்துப்போனாரா என்று அவளுக்கு விளங்கவில்லை.

“கொஞ்ச நேரம் இப்படி உக்காரேன்” என்று தம்பி எழுந்து முக்காலியை நகர்த்தினான். “காலைலேர்ந்து நீ உக்காந்து நான் பாக்கலை.”

“தரையில உக்காந்துதானே இருந்தேன்.”

“அப்பா பக்கத்துலக்கா.”

“நாப்பது ஆயிருக்கும், பாத்துட்டு வந்துடுறேன்.”

நாற்பத்திரண்டு ஆகியிருந்தது. அவள் திரையின்முன் குந்தினாள். அலமாரிக்கு அடியில் கையை நுழைத்துத் துழாவினாள்; திருகு அகப்படவில்லை; வேறொரு பழைய திருகு அகப்பட்டது. அதை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டு நடந்தாள். அறுபது. அறுபத்தைந்து. எழுபத்தொன்றில் எண் நின்றுவிட்டது. தட்டிலிருந்து வந்த ஒலி மட்டும் நிற்கவில்லை.

“அது என்னடி, கடிகாரம் மாதிரி சத்தம்?” அம்மா வாசலோரம் வந்து எட்டிப் பார்த்தாள்.

“பழசும்மா. அப்படித்தான் ஓடும்.”

“ஓடட்டும், ஓடட்டும். நான் வெந்நீர் வைக்கிறேன், உடம்பு துடைச்சுவிடலாம்.”

தம்பியின் கைபேசி ஒலித்தது. மருத்துவர்தான், தெருவில் பள்ளம் தோண்டிப் போட்டிருப்பதால் வண்டியை எங்கே நிறுத்துவதென்று தெரியாமல் நின்றார். தம்பி செருப்பை மாட்டிக்கொண்டே, “அக்கா, நான் போய்க் கூட்டிட்டு வந்துடுறேன். நீ உள்ளே போய் இரு” என்றான்.

“போறேன், போறேன்.”

“இப்பவே போக்கா.”

“போறேன்னு சொல்றேன்ல.”

அந்த வேளையில் எழுபத்திரண்டு வந்தது. உடனே எழுபத்தைந்து, பிறகு எண்பது. மூத்தவள் ஒரு கால் அறைப்பக்கமும் ஒரு கால் கணினிப்பக்கமுமாக நின்றாள். எண்பத்தெட்டு. உள்ளே ஜன்னல் கதவு அறைந்தது.

“டேய், கதவு!” என்றாள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பதில் இல்லை. மறுபடியும் அறைந்தது. அவன் வெளியே போய்விட்டான் என்பது நினைவுக்கு வந்தது. அம்மா உள்ளே இருப்பாள் என்று எண்ணிக்கொண்டாள். அடுப்படியில் பாத்திரம் ஒன்று இறக்கிவைக்கப்படும் ஓசை கேட்டது. அப்போதும் அவள் அப்படித்தான் எண்ணிக்கொண்டாள். தொண்ணூற்றாறு. கதவு மூன்றாம் முறையாக அறைந்தது. நூறு என்று காட்டிவிட்டுத் திரை கறுத்துப்போயிற்று.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. மருத்துவர் அவளைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு நேரே உள்ளே போனார். தம்பி அவர் பின்னாலேயே போனான். ஜன்னல் கதவின் சத்தம் நின்றது. யாரோ பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். வேறெந்தச் சத்தமும் வரவில்லை. பிறகு மருத்துவரின் குரல் தாழ்ந்து கேட்டது: “எல்லாரையும் வரச் சொல்லுங்க.”

அம்மா ஈரத்துணியோடு வந்தாள். மூத்தவள் கடைசியாக வந்து நிலைப்படியில் நின்றாள். அப்பாவின் வலக்கை விரிப்பின்மேல் விரிந்தபடி கிடந்தது.

“போயிட்டாரும்மா” என்றார் மருத்துவர். சற்றுப் பொறுத்து, பையிலிருந்து தாளையும் பேனாவையும் எடுத்தார். “எத்தனை மணிக்குன்னு பாத்தீங்களா? யாரு பக்கத்துல இருந்தீங்க?”

அம்மா மகளைப் பார்த்தாள். மகள் தம்பியைப் பார்த்தாள். தம்பி முக்காலியைப் பார்த்தான். அதில் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை.

“இப்பதான் சார்” என்றான் அவன் கடைசியில். “நாலரை இருக்கும்.”

சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது போலும். வாயைக் கையால் மூடிக்கொண்டான். அம்மா கட்டிலில் கிடந்தவரின் முகத்தைச் சட்டென்று பார்த்தாள், அதட்டுவாரோ என்பதைப் போல.

“‘இருக்கும்’னு எழுத முடியாதேப்பா. சரி, நான் பார்த்த நேரத்தையே போட்டுக்கறேன்.” மருத்துவர் பேனாவின் மூடியைப் பல்லால் கழற்றினார். கைபேசிக்காகச் சட்டைப்பையைத் துழாவினார்.

அப்போது கூடத்தில் கணினி, பழைய காலத்து இசைத்துணுக்கு ஒன்றை இசைத்து விழித்துக்கொண்டது. தகர டப்பாக் குரல் தெளிவாக ஒலித்தது:

“மணி என்ன?”

மருத்துவர் திரும்பிப் பார்த்தார். தம்பி அசையவில்லை. அம்மா கையிலிருந்த துணியைக் கீழே வைக்காமலே, மூத்தவளின் தோளுக்கு மேலாக எட்டிக் கூடத்துச் சுவரைப் பார்த்தாள்.

“நாலு முப்பத்தேழு” என்றாள்.

மருத்துவர் அதை எழுதிக்கொண்டார். எழுதியதைத் தம்பியிடம் காட்டினார்; அவன் தலையசைத்தான். கூடத்தில் அந்தக் குரல் வேறொன்றும் சொல்லவில்லை. மேல் வரிசையின் மூன்றாவது விசைக்கு என்ன வாக்கியம் என்று இனிப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். மூத்தவள் போகவில்லை.

தம்பி பிடியை விட்டதும் ஜன்னல் கதவு மெல்ல அசையத் தொடங்கிற்று. அவள் கட்டிலைச் சுற்றிக்கொண்டு போய், அந்தக் கதவை ஒரு கையால் பிடித்தபடி முக்காலியில் உட்கார்ந்தாள். மற்றொரு கைக்குள் திருகு இருந்தது. கூடத்தில் தட்டு ஓடிக்கொண்டிருந்தது.