தையல்காரி வீட்டில் நின்ற தண்ணீர்

நகரத்துக் குழாய்களில் பாதி வழியில் காணாமல் போகிற தண்ணீர் முழுவதும் கீழ்த்தெருத் தையல்காரியின் வீட்டில் மார்பளவு நின்றது. துணி நனையாது, மிஷின் துருப்பிடிக்காது, கதவைத் திறந்தாலும் வாசற்படி தாண்டி ஒரு சொட்டு வெளியே வராது. கணவன் செத்த பிறகு சொந்தமென்று ஈ காக்கை எட்டிப் பார்க்காத வீட்டுக்குத் தண்ணீராவது வந்ததே. முதல் வாரம் பயந்தாள், அடுத்த வாரம் திட்டினாள், அப்புறம் அதோடு பேச ஆரம்பித்தாள். அது போய்ச் சேரவேண்டிய வீடுகளின் சத்தமெல்லாம் அதற்குள் இருந்தது: உருளும் பாத்திரங்கள், சோப்பு எங்கே என்று கத்தும் புருஷன்மார்கள், ஒரு மாமியாரின் இருமல். எல்லாவற்றையும்விட அவளுக்குப் பிடித்தது, குளிப்பாட்டும்போது விக்கி விக்கிச் சிரிக்கும் ஒரு குழந்தை. சாயங்காலமானால் மிஷினை நிறுத்திவிட்டு அதற்காகக் காத்திருப்பாள். பைத்தியம் என்றார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

மேட்டுத்தெருக் குழாய்களில் அந்த வருஷங்களில் காற்று மட்டுமே வந்தது. குடிநீர் வாரியம் அழுத்தத்தைக் கூட்டிப் பார்த்தது. ஓட்டைக் குழாயில் அழுத்தம் கூடினால் கசிவும் கூடத்தானே செய்யும்? தண்ணீர் தையல்காரியின் கழுத்துக்கு ஏறியதே தவிர மேட்டுக்கு ஏறவில்லை. பிறகு, தரையில் கம்பியை ஊன்றிக் காது வைத்துக் கசிவைக் கேட்கும் பொறியாளர் ஒருவர் வந்தார். அழுத்தத்தைக் குறைத்து, தெருத்தெருவாக வெடிப்புகளை அடைத்தார். ஒவ்வொரு தெரு அடைபட்டதும் அவள் வீட்டில் ஒரு குடும்பம் வாயை மூடியது. இருமல் போனது, சோப்புச் சண்டை போனது. பாவி மனுஷன், அவளுக்கு வயிறு எரிந்தது. கடைசி வெடிப்பு அவளுடைய மிஷினுக்கு நேர் கீழே, மேட்டுத்தெருவுக்குப் போகும் குழாயில் இருந்தது. தரையை உடைக்க வேண்டும் என்று அவர் தன்மையாகத்தான் கேட்டார். அவள் கதவை அறைந்து சாத்தினாள். மிச்சமிருந்தது அந்தக் குழந்தை மட்டும்தான்.

அந்த வாரமே மேட்டுத்தெருக்காரி ஒருத்தி பள்ளிச் சீருடை தைக்க மகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். பிள்ளையின் கையெல்லாம் சொறி. தையல்காரி விசாரித்தாள்.

"எங்கேக்கா குளிப்பாட்டறது? பொறந்ததுலேருந்து ஈரத்துணியால தொடைக்கிறதோட சரி."

அளவுநாடா அக்குளில் பட்டதும் பிள்ளைக்குக் கூசியது. விக்கி விக்கிச் சிரித்தாள். தையல்காரியின் கையிலிருந்து நாடா நழுவியது. இத்தனை காலம் அவள் ஆசை ஆசையாகக் கேட்டதெல்லாம் நடந்த குளியல் அல்ல. நடக்காமல் போன குளியல்.

அவளே போய்ப் பொறியாளரை அழைத்து வந்தாள். அவர் இரண்டு நாள் தோண்டி அடைத்துவிட்டு, தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"முழுசா நிறுத்த முடியாதுக்கா. எந்தக் குழாய்லயும் கொஞ்சம் போகத்தான் செய்யும்."

"அது எனக்கு இருக்கட்டும்."

மேட்டுத்தெருவில் அன்று சாயங்காலம் அந்தப் பிள்ளை முதன்முறையாகத் தலையோடு தண்ணீர் ஊற்றிக் குளித்தாள். அவள் சிரித்தது தெருமுனைவரை கேட்டதாம். கீழ்த்தெருவில் கேட்கவில்லை. தையல்காரி வீட்டில் இப்போது கணுக்கால் அளவுதான் தண்ணீர். அதில் குழந்தை இல்லை, யாரோ குழாயை இறுக்கி மூடிவிட்டுப் போகும் சத்தம் மட்டும் எப்போதாவது வரும். அதைக் கேட்கத் தரையோடு காதை வைத்துப் படுக்க வேண்டும். துணி கொடுக்க வருகிறவர்கள் அவள் எழுந்திருக்கும்வரை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கிறார்கள்.