சிவக்கும் கதவு

டீச்சர் வீட்டு அலமாரிக்குப் புதிதாகப் போட்ட கதவு, டீச்சர் பட்டறைக்கு வரும்போதெல்லாம் சிவந்தது. மற்ற நேரத்தில் பழைய கதவோடு ஒட்டிப் பிறந்ததுபோலத்தான் இருந்தது. ஒரு கதவைக் கரையான் தின்றுவிட்டதால் புதுப்பலகை. பாலிஷ்காரர் சாயத்தைக் கலக்கி, உள்பக்கத்தில் விரலளவு தடவி, காயவிட்டு, வாசலுக்குத் தூக்கிவந்து பகல் வெளிச்சத்தில் பழைய கதவோடு ஒப்பிட்ட பிறகுதான் முன்பக்கத்தைத் தொடுவார். ஈரத்தில் பார்த்து ஏமாறுகிற ஆளில்லை. ஆனாலும் டீச்சர் படியேறினால் போதும், கதவு மிளகாய்ப்பழமாகிவிடும். “இன்னும் சேரலையே, மாஸ்டர்” என்று சிரித்துவிட்டுப் போவார் டீச்சர். மறுபடி உப்புத்தாள், மறுபடி சாயம், மறுபடி டீச்சர். கோடை போய் மழையும் வந்துவிட்டது.

பாலிஷ்காரர் மனைவிக்கு வயிறு எரிந்தது, பாவம். பழுப்பிலேயே பத்து வகை பிரித்துச் சொல்கிற மனுஷன், அவள் மூக்குக்கண்ணாடி மாற்றியதை இன்னும் கவனிக்கவில்லை. டீச்சர் குரல் கேட்டால் அடுப்பை அணைத்துவிட்டு வந்து பட்டறையில் நிற்பாள். டீச்சர் தெருமுனை திரும்பும்வரை நகரமாட்டாள்.

“வேணும்னேதானே கலரைக் கெடுக்கிறீங்க? அப்பத்தானே அந்தம்மா திரும்பத் திரும்ப வரும்.”

“உனக்கென்ன கிறுக்கா?”

“ஆமா, நான் கிறுக்கு. உங்க டீச்சர் ஒருத்திதான் தெளிவு.”

ஒருநாள் அவள் அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது டீச்சர் வந்தார். கதவு அசங்காமல் பழுப்பாகவே நின்றது. நாளைக்கே வண்டி அனுப்புவதாகச் சொல்லிவிட்டுப் போனார். மதியம் திரும்பிய மனைவியிடம், “டீச்சர் வந்தாங்க, பிடிச்சுப்போச்சாம்” என்றார் பாலிஷ்காரர். சொல்லி வாய் மூடவில்லை, கதவு குப்பென்று சிவந்தது. பாலிஷ்காரர் கதவைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். கையைப் பிடித்து வாசல் வெளிச்சத்துக்கு அழைத்துவந்து, முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பினார்.

“ரெண்டும் ஒரே கலருடி! இத்தனை மாசமா உன் மூஞ்சியையா தேய்ச்சுக்கிட்டிருந்தேன்?”

“அப்படித் தேய்ச்சாலாவது பாக்குறீங்களே” என்றாள். குரல் உடைந்தது. அவர் சிரிக்கவில்லை, பார்வையை எடுக்கவுமில்லை. மெல்ல அவள் முகம் அடங்க, கதவும் அடங்கிப் பழுப்புக்குத் திரும்பியது. மறுபடி சிவப்பதற்குள் கடைசிப் பூச்சைப் பூசிவிடலாமே என்ற நினைப்பு அன்று அவருக்கு வரவேயில்லை.

மறுநாள் அலமாரி போய்ச் சேர்ந்தது. விஷயத்தை டீச்சரிடம் பாலிஷ்காரர் ஒளிக்கவில்லை. இப்போதும் சில மதியங்களில் டீச்சர் வீட்டில் அந்த ஒரு கதவு மட்டும் சிவக்கும். வந்தவர்கள் பதறினால், “ஒண்ணுமில்ல, மாஸ்டர் வீட்டம்மா என்னை நெனச்சுக்கிட்டாங்க” என்பார் டீச்சர், மடித்த துணியை உள்ளே வைத்தபடி.