இரவல் குரல்

முப்பத்திரண்டு வருடத்தில் அந்த நடிகர் போடாத வேஷம் இல்லை. நீதிபதி, குடிகாரன், சிடுமூஞ்சிப் பெரியப்பா, மூன்று பெண்களைப் பெற்ற தபால்காரர், ஒரு படத்தில் பேய்கூட. எந்த வேஷத்துக்கும் வளைந்து கொடுக்கிற முகம். ஆனால் முகத்தை வாரிக் கொடுத்த கடவுள் குரலில் கையை இழுத்துக்கொண்டார். வாயைத் திறந்தால் கீச்சென்று வரும். அதனால் முதல் படத்திலிருந்தே அவருக்காக ஒரு டப்பிங்காரர்தான் பேசிவந்தார்.

தொழிலில் இது சகஜம், வெட்கப்பட ஒன்றுமில்லை. வெட்கப்பட வேண்டியது, விருது வாங்கியபோது பத்திரிகைப் பேட்டியில் மனுஷன் விட்ட சரடுக்குத்தான். குரலுக்காகவே தினமும் விடியற்காலையில் இரண்டு மணி நேரம் பயிற்சி செய்கிறாராம்! அதன்பிறகு மேடைகளில் தொண்டைக்கு ஓய்வு என்று சைகை காட்டி, கும்பிட்டுவிட்டு இறங்கிவிடுவார். டப்பிங்காரரும் அந்தப் பேட்டியைப் படித்தார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுநாள் வழக்கம்போல வந்து, அவருக்காக இருமி, அழுது, சிரித்துவிட்டுப் போனார்.

போன வருடக் கடைசியில் டப்பிங்காரருக்குத் தொண்டையில் புற்று என்றார்கள். உயிரைக் காப்பாற்றக் குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். நடிகர் ஆஸ்பத்திரிப் பக்கம் போகவில்லை. ஷூட்டிங் என்று சொல்லிக்கொண்டார். உண்மையில் பயம். அங்கே தன்னைப் பார்க்கிற யாராவது இரண்டு பேரையும் முடிச்சுப் போட்டு, குரல் யாருடையது என்று கண்டுபிடித்துவிட்டால்?

ஆனால் அவர் நடித்துக்கொண்டிருந்த டிவி சீரியல் நிற்குமா? நான்கு பேரைப் பேசவைத்துப் பார்த்தார்கள். ஒன்றும் ஒட்டவில்லை. கடைசியில் நடிகரையே மைக் முன்னால் நிறுத்தினார்கள். புதிதாக வந்த ஒலிப்பதிவாளர் ஹெட்போனைக் கழற்றிவிட்டு, "சார், இது உங்க குரல் மாதிரியே இல்லையே" என்றான். அறையில் யாரும் சிரிக்கவில்லை. அதுதான் அவரை இன்னும் அறுத்தது.

"இந்த வாரத்துக்குள்ள ஒரு வழி பண்ணுங்க சார்" என்றார் தயாரிப்பாளர். "இல்லேன்னா உங்க கேரக்டரை விபத்துல முடிச்சிடலாம்னு பேச்சு."

மறுநாள் காலையிலேயே நடிகர் டப்பிங்காரர் வீட்டு மாடிப்படி ஏறினார். அந்த வீட்டுக்கு அவர் வருவது அதுதான் முதல் தடவை. டப்பிங்காரரின் மனைவி கதவைத் திறந்து, வாங்கண்ணே என்று மட்டும் சொன்னார்.

நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் பாதியாகியிருந்தார். கழுத்தில் வெள்ளைத் துணிக்கட்டு. நடிகரைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, உதடு அசைந்தது. காற்றுகூட வரவில்லை.

"எழுதிக் காட்டுங்கன்னா கேக்க மாட்டேங்குறாரு" என்றார் மனைவி. "பேசித்தான் ஆவேன்னு பிடிவாதம்."

நடிகர் அவசர அவசரமாகக் கொட்டித் தீர்த்தார். "என் பொழப்பே போயிடும்ப்பா. உன்னை மாதிரிப் பேச யாராவது இருந்தா சொல்லு."

உதடு மறுபடி அசைந்தது. முன்பு அசைந்த மாதிரியேதான்.

"என்னம்மா சொல்றான்?"

"நீங்களே பாருங்கண்ணே. உங்க வாயைப் பார்த்துப் பார்த்துத்தானே இவரு இத்தனை வருஷம் பேசினாரு."

நடிகருக்கு அப்போதுதான் உறைத்தது. இருட்டறையில், திரையில் அசையும் தன் வாயையே வெறித்தபடி ஒருவன் நின்றிருக்கிறான். தான் எங்கே மூச்சு வாங்குவோம், எங்கே எச்சில் விழுங்குவோம் என்பதெல்லாம் அவனுக்கு அத்துப்படி. தானோ, அவன் பேசும்போது அந்த அறைக்குள் ஒரு தடவைகூட எட்டிப் பார்த்ததில்லை.

நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார். வைத்த கண் வாங்காமல் அந்த உதட்டைப் பார்த்தார். ஒன்றும் பிடிபடவில்லை.

"அந்தப் பேட்டியைப் பத்தியா?"

இல்லை என்று தலை அசைந்தது. உதடு மறுபடி அசைந்தது, இந்த முறை மெதுவாக.

"ஆஸ்பத்திரிக்கு வரலையேன்னு கோபமா?"

இல்லை.

"வேற ஆளைக் காட்ட மாட்டேங்குறியா? நான் உன்னை ஏமாத்திட்டேன்னு சொல்றியா? சொல்லுப்பா, திட்டுறதுன்னா திட்டிடு!" கீச்சுக்குரல் உடைந்தது. சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இந்த அழுகையை அவர் எந்தப் படத்திலும் அழுததில்லை.

டப்பிங்காரர் களைத்துப்போய் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். மனைவிக்குப் பொறுக்கவில்லை.

"சாப்டீங்களாண்ணேன்னு கேக்குறாரு" என்றார். "நீங்க வந்ததுலேருந்து அதை மட்டுந்தான் கேக்குறாரு."