ஒற்றைத் தையல் பொட்டு

நோர்வேக்குத் தமிழர் நூற்றைம்பது வருடங்களுக்கு முன்பே வந்துவிட்டார்கள் என்று ஒஸ்லோவில் யாராவது உங்களிடம் சொன்னால், தயவுசெய்து தலையாட்டிவிடாதீர்கள். அந்த வரலாறு ஒஸ்லோவுக்குப் பக்கத்து லோறென்ஸ்கூக்கில், எங்கள் வீட்டு சோபாவில் பிறந்தது. பெற்றவள் நான். பெயர் வைத்துக் கொண்டாடியவர் என் புருஷன் வரதராசா.

வயோதிபர் இல்லத்தில் என்னோடு வேலை செய்கிற நோர்வேக்காரிகள் இடைவேளையிலும் ஊசி நூலோடுதான் இருப்பார்கள். பெரிய ஓவியங்களைக் கட்டம் கட்டமாய்ப் பிரித்து, எந்தக் கட்டத்துக்கு எந்த நிறம் என்று அச்சடித்த தாள் கடையில் கிடைக்கும். அதைப் பார்த்து எண்ணி எண்ணித் துணியில் குறுக்குத் தையல் போட வேண்டும். சரிவாக ஒரு பாதி, அதன்மேல் எதிர்ச்சரிவாக மறுபாதி. இரண்டும் சேர்ந்தால்தான் ஒரு கட்டம் நிரம்பும். எனக்கும் ஆசை வந்துவிட்டது. பூனைக்குட்டிப் படம் ஒன்றில் தொடங்கியிருக்கலாம். அந்த அடக்கமெல்லாம் எனக்கு ஏது? மலைகளுக்கு நடுவே கடலில், படகில் போகிற பழைய காலத்து நோர்வேக் கலியாண ஊர்வலத்தை வாங்கிக்கொண்டு வந்தேன்.

இரண்டு மாரி, இரண்டு முழுப் பனிக்காலம், அதிலேயே போயிற்று. மலைக்கு எத்தனை நீலம், தண்ணீருக்கு எத்தனை பச்சை! ஒரு கட்டம் எண்ணத் தவறினால் மலை பக்கத்துக்கு நகர்ந்துவிடும். பிரித்துவிட்டுத் திரும்பத் தைக்க வேண்டும். கழுத்து இறுகும், கண் எரியும். இவர் ரிவிக்கு முன்னால் காலை நீட்டிக்கொண்டு, "இஞ்சேரும், உந்தக் குத்தலை விட்டிட்டு ஒரு தேத்தண்ணி போடுமன்" என்பார். கலியாணம் கட்டிய நாளிலிருந்து நான் இவருக்கு "இஞ்சேரும்" தான். உதயகுமாரி என்று எனக்கு ஒரு பெயர் இருப்பது வங்கிக்குத் தெரியும், வேலையிடத்துக்குத் தெரியும். இவருக்குத் தெரியுமோ, யாருக்குத் தெரியும்.

எல்லாம் முடிந்து பார்த்தால், மணப்பெண்ணுக்குத் தலையில் கிரீடம், உடம்பில் சிவப்புச் சட்டை, நெற்றி மட்டும் பாழ். கலியாணப் பொம்பிளை பாழ்நெற்றியோடு போனால் படகு கரை சேருமா? சட்டைக்கு வந்த சிவப்பு நூல் மிச்சம் இருந்தது. நெற்றியில் ஒரேயொரு தையல் போட்டேன். அதற்குப் பிறகுதான் அவள் எங்கள் வீட்டுப் பிள்ளையானாள்.

புதுவீடு குடிபூரலுக்குப் படத்தை ஹோலில் மாட்டினோம். நான் குசினியில் வடை சுட்டுக்கொண்டிருந்தேன். திராமனில் இருந்து வந்த ஒருவர் வாசலில் நின்றபடியே, "என்ன வரதர், ஒயில் பெயின்ரிங்கோ? நல்ல விலை இருக்குமே!" என்றது காதில் விழுந்தது. "என்ரை மனிசி தைச்சது" என்று சொல்ல எவ்வளவு நேரம் எடுக்கும்? இவர் கொஞ்சமும் யோசிக்கவில்லை.

"ஓம் ஓம். ஏலத்திலை எடுத்தனான். சரியான பழசு."

எண்ணெயை விட எனக்குத்தான் அதிகம் கொதித்தது. சனம் போனதும் கேட்டேன்.

"ஏன் அப்பிடிச் சொன்னனீங்கள்?"

"சனம் வீடு பாக்க வந்தது, தையல் வகுப்புப் பாக்க வரேல்லை. பொம்பிளையள் பொழுதுபோக்குக்குத் தைக்கிறதை ஹோலிலை மாட்டினா ஆர் மதிப்பினம்?"

அடுத்த நாள் படத்தின் கண்ணாடியைக் கழற்றினார். ஒயில் பெயின்ரிங்குக்குக் கண்ணாடி கிடையாதாம். சோபாவைப் படத்துக்குக் கீழே சுவரோடு தள்ளினார், ஒருவரும் கிட்டப் போய்ப் பார்க்காதபடி. மனுசனுடைய விண்ணாணத்தைப் பாருங்கள்!

இங்கேதான் மகேசன் மாஸ்டர் வருகிறார். எங்கள் தமிழ்ச் சங்கத்துத் தலைவர். ஆராய்ச்சியாளர் என்று விசிற்றிங் கார்ட்டில் தானே அச்சடித்துக்கொண்டவர். ஒருநாள் வந்து, சோபாவுக்கு இந்தப் பக்கம் நின்று புதுக் கமராவால் படத்தைப் படமெடுத்துக்கொண்டு போனார். வீட்டில் கொம்பியூட்டரில் பெருப்பித்துப் பார்த்திருக்கிறார். மறுநாள் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"வரதர், பொம்பிளையின்ரை நெத்தியிலை பொட்டு! அவ தமிழ்ப் பிள்ளை ஐசே! படம் கட்டம் கட்டமாய்த்தான் தெரியுது, அது கமராவின்ரை பிழை. ஆனா பொட்டு பொட்டுத்தான்!"

இவர் முழித்த முழியைப் பார்க்க வேண்டும். இப்போதாவது உண்மை வரும் என்று நான் கதவோரம் நின்றேன். எங்கே வந்தது? "எனக்கும் உந்தச் சந்தேகம் இருந்தது மாஸ்டர்" என்றார்.

மகள் யதுர்ஷாவுக்குப் பொறுக்கவில்லை. "மாஸ்டர், இதின்ரை ஒரிஜினல் மியூசியத்திலை இருக்கு. பள்ளிக்கூடத்தாலை போய்ப் பாத்தனாங்கள். அதிலை பொட்டே இல்லை."

"பாத்தியளே!" என்று மாஸ்டர் தொடையில் தட்டினார். "அழிச்சுப்போட்டாங்கள்! அப்ப உங்கடை படம்தான் ஒரிஜினல்! நூற்றைம்பது வருசத்துக்கு முன்னமே எங்கடை சனம் இஞ்சை வந்திருக்கு!"

கேட்கிறவன் கேனையன் என்றால் எருமை மாடும் ஏரோப்பிளேன் ஓட்டுமாம். எங்கள் சனம் அந்த ஏரோப்பிளேனுக்கு ரிக்கற்றும் எடுத்தது. சங்க மலரில் கட்டுரை வந்தது. பேர்கனில் இருந்தெல்லாம் போன் வந்தது. ஆண்டு விழாவில் இவருக்குப் பொன்னாடையும் "வரலாற்றுக் காவலர்" பட்டமும் என்று முடிவாயிற்று. யதுர்ஷா "பின்லி, பின்லி" என்று தலையில் அடித்துக்கொண்டாள். வெட்கக்கேடு என்பதற்கு அவளுடைய நோர்வேச் சொல் அது.

விழாவுக்கு முதல்நாள் இவரிடம் சொன்னேன்: "எனக்குப் பொன்னாடை வேண்டாம், பட்டமும் வேண்டாம். மேடையிலை, இது உதயகுமாரி தைச்சது எண்டு ஒருக்காச் சொல்லுங்கோ. அது காணும்."

"இப்ப சொன்னா என்ரை மானம் என்னாகிறது? சும்மா இரும்."

அழுதேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், தேம்பித் தேம்பி அழுதேன். என் பெயர் ஒரேயொரு முறை இவர் வாயில் வர வேண்டும், அதுதானே கேட்டேன்? பிறகு முகத்தைக் கழுவிவிட்டுப் படத்தின் பின்மட்டையைக் கழற்றினேன். ஊசியையும் சிவப்பு நூலையும் கைப்பைக்குள் வைத்தேன்.

பள்ளிக்கூட மண்டபம் நிறைந்திருந்தது. படம் மேடையில் நின்றது. மாஸ்டர் வாய் கிழியப் பேசிவிட்டுப் பொன்னாடையைப் போர்த்தினார். இவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு ஏற்புரைக்கு எழுந்தார். அப்போதும் நான் நம்பினேன், பாருங்கள் என் பைத்தியத்தை. இவர் பெயர் தெரியாத ஓவியருக்கு நன்றி சொன்னார். மாஸ்டருக்கு நன்றி சொன்னார். மண்டபத்தைத் திறந்துவிட்ட காவலாளிக்கும் நன்றி சொன்னார். கடைசியில், "இண்டைக்கு வடை சுட்டுத் தந்த மனைவிக்கும் நன்றி" என்றார்.

வடைக்கா? அட கோதாரி!

எழுந்து மேடைக்குப் போனேன். படகில் மணப்பெண்ணுக்குப் பக்கத்தில் வயதான பெண் ஒருத்தி இருக்கிறாள். அவளுடைய பாழ்நெற்றியில் ஊசியை இறக்கிச் சரிவாக ஒரு பாதி தைத்தேன். மாஸ்டர் அலறினார்.

"ஐயோ தங்கச்சி! நூற்றைம்பது வருசத்துப் படத்தை ஊசியாலை குத்துறியள்!"

"ரெண்டு மாரியாய் நான் குத்தினதுதான் மாஸ்டர் இது. அந்தப் பொட்டும் நான் வைச்சதுதான்."

படத்தைத் திருப்பினேன். பின்பக்கம் முழுக்க நூல்முனைகள். முன்வரிசையில் ஒரு பெண், "எடியே, இது தையலடி!" என்றாள். பின்வரிசையில் சிரிப்புத் தொடங்கியது. மாஸ்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு நூல்களைப் பார்த்தார். பிறகு இவரைப் பார்த்தார்.

"வரதர், என்ன இது?"

இவர் பொன்னாடையை இழுத்துச் சரிசெய்தார். ஒரு சிரிப்பு வேறு. "அது மாஸ்டர்... ஒரு பகிடிக்குச் சொன்னது. உண்மையிலை நாங்கள் தைச்சது. நானும் மனிசியுமாய்."

நாங்களா! நாங்கள்!

படத்தை முன்பக்கம் திருப்பி வைத்தேன். நூலோடு தொங்கிய ஊசியை இவர் கையில் கொடுத்தேன்.

"நல்லது. இந்த வயசான மனிசிக்குப் பாதிப் பொட்டு வைச்சிட்டன். மற்றப் பாதியை நீங்கள் வையுங்கோ."

இவர் ஊசியைத் தேள் மாதிரிப் பிடித்தார். படத்துக்கு முன்னால் கொண்டுபோனார், பின்னால் கொண்டுபோனார். பொன்னாடை தோளிலிருந்து நழுவிக் காலடியில் விழுந்தது. எடுக்கக் கையில்லை. கடைசியில் என் பக்கம் சாய்ந்து, மற்றக் கையில் மைக் இருப்பதை மறந்து, மெதுவாகக் கேட்டார்.

"உதயகுமாரி, உதை எந்தப் பக்கத்தாலை குத்திறது?"

மண்டபத்தின் கடைசி வரிசை வரைக்கும் என் பெயர் கேட்டது.