பத்தாவது பெயர்

வட்டாரக் கல்வி அலுவலகத்தின் சுவரில் வடக்கு மண்டலத்தின் வரைபடம் ஒன்று தொங்கியது. ‘அதிதி ஆசிரியை’ என்கிற தற்காலிக ஆசிரியை வேலைக்கு ஆர்டர் வாங்கப் போன அன்றைக்கு உதயா அதன் முன்னால் வெகு நேரம் நின்றாள். விமான நிலையத்தையும் தாண்டி, வறண்ட ஏரிகளையும் புது அடுக்குமாடிகளையும் தாண்டி, ஊர் முடிந்து காடு தொடங்குகிற இடம் வரைக்கும் பரந்து கிடந்தது அந்த மண்டலம். பள்ளிக்கு ஒரு குண்டூசி. கன்னடப் பள்ளி என்றால் பச்சைத் தலை, உருது என்றால் நீலம், தமிழ் என்றால் மஞ்சள். மஞ்சள் மொத்தமே நான்குதான் இருந்தது. ஆனால் சில இடங்களில் ஊசி பிடுங்கப்பட்டு, தாளில் ஓட்டை மட்டும் மிச்சமிருந்தது. விரலால் தடவிப் பார்த்தாள். அந்த ஓட்டைக்குள்ளே ஒரு மணிச் சத்தம் சிக்கிக்கொண்டிருப்பதுபோல் அவளுக்குத் தோன்றியது.

அவளுடைய பள்ளி அந்த நான்கில் ஒன்று. இரண்டு அறை, ஒரு வேப்ப மரம், தலைமை ஆசிரியை வேதநாயகி, உதயா, பத்துப் பிள்ளைகள். பத்துக்குக் கீழே போனால் பள்ளியை மூடிப் பக்கத்துக் கன்னடப் பள்ளியோடு சேர்த்துவிடுவார்கள் என்பது விதி. ஆகஸ்ட் கடைசி வாரம் ஆள் வந்து தலை எண்ணுவார்கள். பக்கத்துப் பள்ளி என்று தாளில் எழுதுவது சுலபம். அது எட்டு வழிச் சாலைக்கு அந்தப் பக்கம் இருந்தது.

வருகைப் பதிவேட்டில் பத்தாவது பெயர் தனலக்ஷ்மி. நான்காம் வகுப்பு. அவளுடைய அப்பா சரவணன் ஜூலை மாதத்தில் இரண்டு தடவை வந்துவிட்டுப் போனார். மூன்றாம் தடவை வந்தபோது செருப்பை வாசலில் விட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"மிஸ், பொம்மசந்திராவுல கம்பெனி வேலை கெடச்சிருக்குது. சந்தாபுராவுல ரூமு எடுத்துட்டோம். அங்க கவர்மென்ட் ஸ்கூல்ல கேட்டா, பாப்பா நம்பர் இன்னும் உங்ககிட்டதான் இருக்குதாம். நீங்க விட்டாத்தான் அவங்க சேத்துக்குவாங்களாம்."

"சர்வர் வேலை செய்யலப்பா. ஆகஸ்ட் முடியட்டும்" என்றார் வேதநாயகி.

"போன வாரமும் அதான் சொன்னீங்கோ."

"சர்வர் என்ன எங்க வீட்டு ஆட்டுக்கல்லா, நான் சுத்துனா சுத்துறதுக்கு?"

சரவணன் சிரித்துவிட்டார். சிரித்த பிறகு கோபப்பட முடியவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

கம்ப்யூட்டரில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு எண் உண்டு. பழைய பள்ளி அந்த எண்ணை விடுவித்தால்தான் புதுப் பள்ளி அதை ஏற்றுக்கொள்ள முடியும். சர்வர் நன்றாகவே வேலை செய்துகொண்டிருந்தது.

"பொய் சொல்றோமே மேடம்" என்றாள் உதயா.

வேதநாயகி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரிச்சர்ட்ஸ் டவுனிலிருந்து இரண்டு பஸ் மாறி இருபத்திரண்டு வருடமாக இந்தப் பள்ளிக்கு வருகிறவர். "ஒரு பிள்ளை ஒரு மாசம் வீட்ல இருந்தா ஒண்ணும் கெட்டுப்போகாதும்மா. ஒம்பது பிள்ளைங்க தினம் அந்த ரோட்டைத் தாண்டணும்னா? நீயே நின்னு பாரு, உனக்கே கால் நடுங்கும். முப்பத்தொண்ணாம் தேதி தாண்டட்டும். ஒண்ணாம் தேதி நானே என் கையால விட்டுடறேன்."

அதிதி ஆசிரியைக்கு வேலை நிரந்தரமில்லை. பள்ளி இல்லையென்றால் உதயாவும் இல்லை. இதை இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

முழுப் பொய்யாக இருக்கக் கூடாது என்று உதயா ஒரு வழி கண்டுபிடித்தாள். காலை பத்து மணிக்குப் பெயர் கூப்பிடும்போது தன் போனிலிருந்து தனத்தின் அம்மா போனுக்கு அழைத்து, ஸ்பீக்கரில் போட்டு, மேசை மேல் டஸ்டரில் சாய்த்து வைத்துவிடுவாள். ஒன்பது பெயர் முடிந்து பத்தாவதைக் கூப்பிட்டதும், நாற்பது கிலோமீட்டர் தூரத்திலிருந்து, தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல் ஒரு குரல் வரும்: "உள்ளேன் மிஸ்!" உதயா பேனாவால் பதிவேட்டிலும், விரலால் பள்ளி டேப்லட்டிலும் வருகைக் குறி போடுவாள். பிறகு அன்றைய பாடத்தைப் படம் பிடித்து வாட்ஸாப்பில் அனுப்புவாள். இரண்டே வாரத்தில் பிள்ளைகளுக்கு அது பழகிவிட்டது. டஸ்டரில் சாய்ந்திருக்கும் போன்தான் தனம். பென்சில் காணாமல் போனால் அதனிடமும் கேட்டார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கோலார் தங்கவயல் வீட்டில் சாப்பிடும்போது இதை அப்பாவிடம் சொன்னாள். ஆதிகேசவன் சுரங்கம் மூடுகிற வரைக்கும் கீழே இறங்கியவர். சோற்றை விட்டுவிட்டுச் சிரித்தார்.

"அடிப்பாவி. எங்க டோக்கன் வேலையை நீயும் கத்துக்கினியா?"

"இன்னா டோக்கன்?"

"கீழ எறங்குறப்போ ஆளுக்கு ஒரு பித்தளை டோக்கனைப் போர்டுல மாட்டணும். மேல வந்தா எடுத்துக்கணும். எவனாவது குடிச்சிட்டுப் படுத்துட்டான்னா, கூட்டாளி அவன் டோக்கனையும் சேத்து மாட்டிடுவான். நான் எத்தினி பேருக்கு மாட்டியிருக்கேன் தெரியுமா? ஒரு தடவை ஒருத்தன் டோக்கன் சாயந்திரமும் தொங்குது. ஆள் உள்ள மாட்டிக்கினான்னு மூணு மணி நேரம் தேடுனோம். கடைசியில பார்த்தா, அவன் வூட்ல கோழிக் குழம்பு சாப்டுனு இருக்கான்."

அம்மாவும் சிரித்தாள். உதயாவும் சிரித்தாள். மறுநாள் விடியற்காலை ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தபோதுதான் அது உறைத்தது. கணக்கில் இருந்ததால் அந்த ஆளைத் தேடினார்கள். தனமும் கணக்கில் இருக்கிறாள். அதனால்தான் அவளை யாரும் தேட மாட்டார்கள். ஏழு நாள் வராத பிள்ளை என்றால் கம்ப்யூட்டரே சிவப்பாகக் காட்டும், வீடு தேடி ஆள் போகும். தனத்தின் பெயருக்கு எதிரே எல்லா நாளும் பச்சை.

ஆகஸ்ட் இருபத்தெட்டு, வியாழக்கிழமை, ஒன்பதே முக்காலுக்குக் கோவிந்தப்பா வந்தார். வட்டார அலுவலகத்தின் ஒருங்கிணைப்பாளர். ஹெல்மெட்டைக் கையில் மாட்டிக்கொண்டே உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்து விசிறிக்கொண்டார். கன்னடக்காரர், ஆனால் எந்தப் பள்ளிக்குப் போகிறாரோ அந்த மொழியைக் கொஞ்சம் பேசிவிடுவார்.

"என்னம்மா வேதநாயகி மேடம், சௌக்கியமா? இன்னும் ரிடையர் ஆகலையா நீங்க?"

"நீங்க வந்து வழியனுப்புங்க சார், ஆயிடறேன்."

"இன்னிக்கு மக்களை, அதான் பிள்ளைங்களை, எண்ணிட்டு ஓடணும். இன்னும் ஆறு ஸ்கூல் இருக்கு." பதிவேட்டை இழுத்துக்கொண்டார். "தமிழ் படிக்கத் தெரியாது எனக்கு. நீங்க பேரைக் கூப்பிடுங்கம்மா."

உதயாவின் போன் மேசையில், வழக்கமான இடத்தில் இருந்தது. அழைக்கவில்லை. வேதநாயகி காலையிலேயே அவளிடம் சொல்லிவைத்திருந்தார்: தனத்துக்குக் காய்ச்சல், அவ்வளவுதான், ஒரு நாள் லீவு.

உதயா ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டாள். ஒன்பது பேரும் எழுந்து நின்று சொல்லி உட்கார்ந்தார்கள்.

"தனலக்ஷ்மி."

ஒன்பது தலைகளும் ஒரே சமயத்தில் திரும்பிப் போனைப் பார்த்தன. காத்திருந்தன.

கோவிந்தப்பாவும் போனைப் பார்த்தார். பிறகு பிள்ளைகளை. மறுபடியும் போனை.

"அவளுக்குக் காய்ச்சல் சார்" என்றார் வேதநாயகி.

அப்போது போன் அடித்தது. முன்வரிசையில் இருந்த சின்னப் பெண் ஒருத்தி, தினமும் செய்கிற வேலைதான் என்று, எட்டிப் பச்சை வட்டத்தைத் தள்ளி ஸ்பீக்கரையும் அழுத்திவிட்டாள்.

"உள்ளேன் மிஸ்! மணி பத்து தாண்டிடுச்சு, நீங்க கூப்புடவே இல்ல. மறந்துட்டீங்களா?"

"தனம், நான் அப்புறமா..."

"மிஸ், மிஸ், வெச்சிடாதீங்க. கரண்ட் இல்ல. தங்கச்சிப் பாப்பா அழுவுது. அம்மா போனை எங்கிட்ட குடுத்துட்டு வெளியில பூட்டுப் போட்டுனு வேலைக்குப் போயிட்டாங்க, சாயந்திரம்தான் வருவாங்க. எல்லார் பேரையும் கூப்புடுங்க மிஸ், நான் கேட்டுனே இருக்கேன்."

பின்னால் ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. தகரக் கூரையில் காக்கை நடக்கிற சத்தம்கூடக் கேட்டது.

"தினமும் பூட்டிட்டுத்தான் போறாங்களா?" என்றாள் உதயா.

"ஆமா மிஸ். ரோட்டுல லாரி வருதில்ல, அதான். நான் ஜன்னல்ல நின்னா ஸ்கூல் பசங்க போறது தெரியும். பேர் கூப்புடுங்க மிஸ்."

உதயா பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்தாள். மறுபடியும் முதலிலிருந்து ஒன்பது பெயரையும் கூப்பிட்டாள். பிள்ளைகள் போனைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்கள். பத்தாவதையும் கூப்பிட்டாள். "உள்ளேன் மிஸ்" என்றது போன், இம்முறை சந்தோஷமாக.

கோவிந்தப்பா ஹெல்மெட்டைத் தரையில் வைத்தார். பெருமூச்சு விட்டார்.

"நோடி மேடம், பாருங்க" என்றார், குரலைத் தாழ்த்தி. "ஸ்கூலை மெர்ஜ் பண்ற ஃபைல்னா நாற்பது பேஜ். அப்புறம் பேரன்ட்ஸ் வந்து கூச்சல் போடுவாங்க, பேப்பர்ல வரும். எனக்கு ஸ்வல்ப காது மந்தம், டாக்டரே சொல்லியிருக்கார். பத்துன்னு பென்சில்ல எழுதியாச்சு. கிளாஸ் மேடம் ஒரு ஸைன் போட்டா பேனாவால எழுதிட்டுப் போயிடுவேன்."

வேதநாயகி பேனாவின் மூடியைக் கழற்றி உதயாவின் கையில் வைத்தார். "இன்னும் மூணே நாள்மா" என்றார் மெதுவாக.

மூன்று நாள். உதயா தாளைப் பார்த்தாள். ஜன்னலுக்கு வெளியே எட்டு வழிச் சாலையின் இரைச்சல், வெயில் அடித்தபோதும் ஓயாத மழைபோல் கேட்டுக்கொண்டிருந்தது. ஒன்பது பேரையும் ஒருவர் பின் ஒருவராக அந்தச் சாலையோரம் நிறுத்திப் பார்த்தாள். பிறகு பூட்டிய ஒரு கதவைப் பார்த்தாள்.

"சந்தாபுரா ரூம்ல ஏதாவது ஆச்சுன்னா மேடம்? தனம் இந்நேரம் எங்கன்னு கேட்டா என்ன சொல்வோம்?"

"யாரும்மா கேக்கப்போறாங்க?"

"அதான் மேடம். யாருமே கேக்க மாட்டாங்க. இங்க வகுப்புல உக்காந்திருக்கான்னு நான்தானே தினம் எழுதறேன்."

பேனாவை மூடி வைத்துவிட்டு டேப்லட்டைத் திறந்தாள். தனத்தின் பெயரைத் தேடி, எண்ணை விடுவிக்கும் கட்டத்தைத் தொட்டாள். தலைமை ஆசிரியையின் போனுக்கு ஓடிபி அனுப்பியிருப்பதாகத் திரை சொன்னது. பத்து நிமிடத்துக்குள் பதிய வேண்டும்.

வேதநாயகியின் கைப்பைக்குள் போன் ஒருமுறை அதிர்ந்து அடங்கியது. அவர் பையைத் திறக்கவில்லை. கோவிந்தப்பா எதையும் பார்க்காதவர்போல் வேப்ப மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருபத்திரண்டு வருஷம்" என்றார் வேதநாயகி. யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. "எனக்கு முன்னால இருந்தவங்க காலத்துல நூத்திநாப்பது பிள்ளைங்க."

போனில் அழுகை ஓய்ந்திருந்தது. தனம் தங்கைக்கு ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தாள்.

கோவிந்தப்பா இருமினார். "சந்தாபுராவுக்கு ஆனேகல் ஆபீஸ்தான். அங்க என் சிநேகிதர் ஒருத்தர் இருக்கார். நான் போன் பண்றேன். நாளைக்கே சேர்த்துக்குவாங்க." பிறகு ரப்பரை எடுத்துத் தான் எழுதியிருந்த பத்தை அழித்தார். தாள் அந்த இடத்தில் மெலிந்து போயிற்று. "பிள்ளைங்க ரோட்டைத் தாண்ட வேன் கேட்டு ஒரு லெட்டர் எழுதிக் கொடுங்க மேடம். நான் மேல போடறேன். கிடைக்கும்னு சொல்ல மாட்டேன். போடறேன்."

வேதநாயகி பையைத் திறந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனைத் தூரத்தில் நீட்டிப் பிடித்தார். சொல்வதை எழுதும் பாடத்துக்கு இருபத்திரண்டு வருடமாக வைத்திருந்த அதே குரல் வந்தது, நிறுத்தி, தெளிவாக.

"நாலு."

பிள்ளைகள் சடசடவென்று சிலேட்டை எடுத்தார்கள்.

"ஏழு. ஒண்ணு. பூஜ்ஜியம்." கொஞ்சம் நிறுத்தினார். "ஏழு."

உதயாவின் விரல் திரைமேல் காத்திருந்தது. வேதநாயகி போனிலிருந்து கண்ணை எடுத்து, குனிந்திருந்த ஒன்பது தலைகளையும் பார்த்தார்.

"அடுத்தது மிஸ்?" என்றாள் முன்வரிசைச் சின்னப் பெண், பலப்பத்தைத் தூக்கிப் பிடித்தபடி.

"ரெண்டு" என்றார் வேதநாயகி.

உதயா அழுத்தினாள். பதிவேட்டின் பத்தாவது வரிசை ஒரு கணம் சாம்பல் நிறமாகி, பிறகு திரையிலிருந்து போய்விட்டது.

டஸ்டரில் சாய்ந்திருந்த போனிலிருந்து குரல் வந்தது.

"மிஸ், நானும் எழுதிட்டேன். படிக்கிறேன், சரியான்னு சொல்லுங்க. நாலு, ஏழு, ஒண்ணு..."